எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஜெபம்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் சங்கராந்தி கழிந்த சனிக்கிழமை காலை நாலு ஐம்பத்தைந்துக்குத் தொடங்கிய ஒரு ஜெபம், மதியம் ஒன்று பத்துக்குத் திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் முடிந்தது. நடுவிலிருந்த எழுபத்திரண்டு கிலோமீட்டரையும் அது ஓடியே கடந்தது. ஐந்து பேர் அதை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். சாட்சிக்கு ஆறு குழுக்களின் ஓட்டக்காரர்கள், ஒரு ஸ்டாப்வாட்ச், டோல்கேட் ஊழியர்கள், மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிய ஒரு பஸ் நிறைய ஜனம் எல்லாம் இருக்கிறார்கள். ஆகையால் நடந்ததா இல்லையா என்ற பேச்சு சித்தூரில் எழவில்லை. ஆமென்னை விட்டது யார் தப்பு என்பதில்தான் இன்னமும் இரண்டு கட்சி.

ஜெபம் இயேசுதாசனுடையது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் கணக்கைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வீட்டில் அதுவும் கிடையாது. மனிதரிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அதை ஆண்டவரிடம் சொல்வதே அவர் வழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணை மூடி, "தேவரீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். உப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதை இதைச் சமைத்த கைகளுக்கு நினைப்பூட்டும்" என்பார். அவர் மனைவி ஜெபமணி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், பிரசவ வார்டையே ஒரு அதட்டலில் நிறுத்தியவள். "ஏன், அத என்னப் பாத்து சொன்னா வாய் வெந்துடுமா?" என்று கேட்டால், "நான் உங்கிட்ட பேசல. குறுக்க பேசாத" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்.

சபையில் அவர் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. குடியரசுத் தலைவரில் தொடங்கி, பிரதமர், முதலமைச்சர், கலெக்டர் என்று இறங்கி, மழைக்கு வந்து, பயிர்களுக்கு, நோயாளிகளுக்கு, பிரயாணிகளுக்கு, விதவைகளுக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு என்று போய், கடைசியில் "இறுதியாக, எங்கள் வீட்டுக்காக" என்று வர வேண்டும். அந்த இறுதி வந்ததே இல்லை. பிரயாணிகள் வரும்போதே சபைக்குப் பசி வந்துவிடும். விதவைகளுக்கு வரும்போது யாராவது இருமுவார்கள். பரீட்சையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே குரலில் "ஆமென்" என்று போட்டு மூடிவிடுவார்கள். இயேசுதாசன் கண்ணைத் திறந்து ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்று போதகரே சொல்லிப் பார்த்தார். "நாட்ட உட்டுட்டு வீட்டுக்குக் கேக்கறதா, ஐயரே? அது ஒழுங்கா?" என்று பதில் வந்தது. ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

அந்த ஒன்பது வருஷம் அவர் மகள் ஹன்னாவின் கல்யாணத்திலிருந்து எண்ண வேண்டியது. ஹன்னா அரசுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கோபிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டாள். அவன் அப்பா பாலையா, சாந்திபுரம் பக்கம் கையளவு நிலமில்லாமல் பிறந்து, பங்காருபாளையத்தில் மாந்தோப்புக் காவலுக்கு வந்து, இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, மிஷன் ஹாலில் விருந்து. பந்தி உட்காரும் முன் பெண்ணைப் பெற்றவர் ஜெபிக்க எழுந்தார். கையருகில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நீளமான ஜெபம், தொண்டைக்கு வேண்டியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்ல காரியமாயிற்றே என்று அன்றைக்கு ஒரு நாள் நாட்டை விட்டுவிட்டு நேராகத் தொடங்கினார். சபை ஒழுங்குப்படி முதலில் பாவ அறிக்கை, பிறகுதான் விண்ணப்பம். ஆகவே அறிக்கையிட்டார். "ஆண்டவரே, பாலையா குடும்பத்தார் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க எங்கள் மனது இடங்கொடுக்கவில்லை" என்றார். பாலையா வீட்டு ஜனம் நாற்பது பேர் மரியாதைக்குக் கைகட்டித் தலை குனிந்து நின்றிருந்தார்கள். குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. அடுத்த வார்த்தைக்கு அவர் மூச்சை இழுத்தபோது, மணப்பெண் ஹன்னா, மைதானத்தில் பழகிய குரலில் "ஆமென்!" என்றாள். சபையும் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றது. ஜெபம் முடிந்துபோயிற்று. அன்றைக்கு இறங்கியவள் அப்பா வீட்டு வாசல்படியை மறுபடி மிதிக்கவில்லை.

"அப்புறம் இன்னாதான் சொல்ல வந்தீங்க?" என்று ஜெபமணி எத்தனையோ தரம் கேட்டாள். "வரிசைல வரும்" என்பார் இயேசுதாசன். அதை அவளிடம் தனியாகச் சொல்ல முடியாது, மகளுக்குப் போன் போட்டும் சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் பாதியில் நின்றது நாலு பேர் முன்னால்தான் முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருநாள் வரிசையை விட்டதால் வந்த வினை என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கப்புறம் குடியரசுத் தலைவரை அவர் ஒருபோதும் விடவில்லை. சபைக்கோ பசி.

ஜெபமணி வேறு வழி பார்த்தாள். மகள் விடியற்காலையில் போலீஸ் மைதானத்தில் ஓடுகிறாள் என்று தெரிந்ததும், ஐம்பத்தைந்து வயதில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு போய் ஓட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள். கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவதால் ஊரில் அவர்களுக்குக் கோழிக் குழு என்று பேர். வீட்டில் பார்க்க முடியாத மகளை ஓடிக்கொண்டே பார்த்தாள். பேசுவதற்கு மூச்சு வேண்டும் என்பதால் முதல் வருஷம் முழுக்க இருவரும் பேசாமலே ஓடினார்கள். இரண்டாம் வருஷம் பேசிக்கொண்டே ஓடினார்கள். மருமகளைப் பார்த்துப் பாலையாவும், அவர் மகள் கலைவாணியும் வந்து சேர்ந்தார்கள். பாலையாவுக்கு வயது அறுபது. தோப்பில் குரங்கு விரட்டி விரட்டி அவருக்குக் கால் அப்படி அமைந்திருந்தது.

ஜப்பான்காரர் ஓட்டத்தைக் கொண்டுவந்தவன் டைட்டஸ். மிஷன் சபைப் பையன், கோழிக் குழுவில் ஒருவன், ஸ்ரீசிட்டி பக்கம் ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். அவனுடைய மேலாளர் போனில் காட்டினாராம்: ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரோட்டிலேயே ஓட வேண்டும், தூரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், கையில் கட்டை கிட்டை கிடையாது, தோளிலிருந்து குறுக்கே ஒரு துணிப்பட்டை. ஒருத்தர் வேர்வை காயும் முன் அடுத்தவர் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பேர் எகிடென். "எக்கட போறது?" என்று, அதைத் தெலுங்கு 'எங்கே'யாக எடுத்துக்கொண்டு பாலையா கேட்டதிலிருந்து, அதற்கு எக்கட என்ற பேரே நிலைத்துவிட்டது. திருப்பதியில் இரண்டு குழு, மதனப்பள்ளியில் ஒன்று, வேலூரில் ஒன்று, சித்தூரில் கோழிகளையும் சேர்த்து இரண்டு என்று ஆறு குழுக்கள் கூடின. பட்டை தைப்பது ஜெபமணி பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் பிரசங்க பீடத்தில் தொங்கவிடும் ஊதாத் துணி, பழசாகிப் புதுசு மாற்றியபின் பீரோவில் கிடந்தது. கெட்டித் துணி, சாயம் போகாது என்று அதையே கிழித்து இரண்டாக மடித்து ஓரம் அடித்துவிட்டாள்.

புறப்படும்போது ஜெபம் வேண்டும் என்றதும் அவள்தான். வேறு யாரைக் கூப்பிடுவது? இயேசுதாசன் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, டைட்டஸின் தோளில் கிடந்த பட்டையின் மேல் கையை வைத்து, மகள் ஓடப்போகும் பந்தயம் என்று தெரிந்தும் தெரியாதவர்போல் குடியரசுத் தலைவரில் தொடங்கினார். பந்தய நடுவர் முரளிதரன் முன்னாள் டிரில் மாஸ்டர், கடிகாரத்துக்குப் பிறந்தவர். நாலு ஐம்பத்தைந்துக்கு ஆரம்பித்தது ஐந்து மணிக்குக் கலெக்டரில் நின்றது. முரளிதரன் விசிலை ஊதிவிட்டார். மற்ற ஐந்து குழுவும் பறந்தன. "ஆமென் ஆவல சார்!" என்று ஜெபமணி கத்தினாள். "ஆமென்னு ரூல்ஸ்ல லேதும்மா! டைம்னா டைம்!" என்றார் முரளிதரன். டைட்டஸ் ஓடத் தொடங்கினான். ஆமென் சொல்லாமல் கண்ணைத் திறந்து அந்தச் சபையில் யாருக்கும் பழக்கமில்லை. ஆகையால் அவன் கண்ணை மூடியபடியே ஓடினான். கலெக்டர் ஆபீஸ் வளைவில் எல்லோரும் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். அவன் கால் தடுக்காமல் திரும்பினான். இயேசுதாசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. முடியாத ஜெபம் பட்டையோடு போய்விட்டிருந்தது, அதோடு அவர் குரலும்.

டைட்டஸின் வாயில் இயேசுதாசனின் குரல், தொண்டையைக் கனைப்பது உட்பட, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கலெக்டருக்கு அடுத்தது மழை. பூதலப்பட்டு வரைக்கும் பதினைந்து கிலோமீட்டரும் மழை டைட்டஸின் மேல் மட்டும் பெய்தது. ஒரு முழம் தள்ளி ஓடிய வேலூர்க்காரனின் பனியன் நனையவில்லை. இது அநியாயம் என்று அவன் பிறகு எழுதிக் கொடுத்தான். மழையைப் பற்றி ரூல்ஸில் ஒன்றுமில்லை என்று முரளிதரன் திருப்பி எழுதிக் கொடுத்தார்.

பூதலப்பட்டில் கலைவாணி பட்டையை மாட்டிக்கொண்டதும் பயிர்கள் வந்தன. தை மாதம், ரோட்டோர மாமரங்கள் அப்போதுதான் பூ விட்டிருந்தன. அவள் கடந்துபோன மரங்களில் பூ உதிர்ந்து, பிஞ்சு விட்டு, அவள் முதுகு மறைவதற்குள் பழுத்து விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் பொறுக்கித் தின்றார்கள். நார் கொஞ்சம் அதிகம் என்றார்கள். நடுவில் நான்கு நாய்கள் அவளைத் துரத்தின. "சீ, இதுங்க வாய மூடினா தேவல" என்று கலைவாணி முணுமுணுத்தாள். பாகாலா கூட்டு ரோட்டு நாய்கள் அன்று முதல் குரைப்பதில்லை, பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஜெபம் இன்னும் மூடவில்லை. திறந்திருக்கும்போது எதைச் சொன்னாலும் அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

கூட்டு ரோட்டில் பட்டையைக் கழற்றித் தன் அப்பா பாலையாவிடம் கொடுத்தபோது சொன்னாள்: "நைனா, இத மாட்டிக்கினா வாய் உன் பேச்சு கேக்காது. அண்ணியோட நைனா பேச்சுதான் கேக்கும். நடுவுல நீயா எதனா உளறினா அதுவும் நடந்துடும். நாக்க அடக்கிக்கினு ஓடு."

"எது சொன்னாலுமா?"

"எது சொன்னாலும்."

பாலையா சிரித்துக்கொண்டே கிளம்பினார். நோயாளிகள் அவர் பங்கு. தேவரீர், கிருபை, சொஸ்தம் என்று அவர் பிறந்த நாளிலிருந்து சொல்லாத வார்த்தைகள் வரிசையாக வந்தன; இன்னொருத்தர் பல்செட்டை மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது அவருக்கு. ஒவ்வொரு நோயாளி பேரும் முடிந்ததும் வாய் கொஞ்சம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் பழக்கத்தில் ஒரு "கோவிந்தா" போட்டுக்கொண்டார். சித்தூரில் எட்டு மாதமாகப் படுக்கையிலிருந்த ரத்னம்மா அந்நேரம் எழுந்து, மருமகளை அடுப்படியிலிருந்து தள்ளிவிட்டு, தானே இட்லி ஊற்றினாள். ஜெபத்தில் பேர் வந்த மற்ற பதினோரு பேரும் எழுந்தார்கள். கோவிந்தா போட்டதால் குணத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் பாலையாவின் மனது நோயாளிகளிடம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் கைகட்டி நின்று கேட்ட வார்த்தை அவர் கழுத்தில் இன்னும் இருந்தது. அதைச் சொன்ன ஆளின் ஜெபம் இப்போது இவர் தோளில். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வெள்ளைச் சட்டையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காக்கா எச்சம் விழ வேண்டும் என்று கேட்கலாம். அல்லது பல்லி. நான்கு கிலோமீட்டர் காக்காவா பல்லியா என்று யோசித்து, காக்காவே மேல் என்று முடிவு செய்து, அடுத்த இடைவெளிக்குக் காத்திருந்தார். இடைவெளி வந்தது. அதே நேரம் குதிகாலில் ஷூ கடித்தது. "அப்பப்பா, இந்த பூட்ஸு கடிக்காம இருந்தா போதும்டா சாமி!" என்று வாயில் வந்துவிட்டது. ஷூ பஞ்சாகிப்போயிற்று. போதும் என்று வேறு சொல்லிவிட்டாரே, அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. அந்த ஷூ இன்றுவரை கடிப்பதுமில்லை, தேய்வதுமில்லை. தோப்புக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறார்.

டோல்கேட்டில் பட்டை ஜெபமணிக்கு வந்தது. பிரயாணிகள். டோல்கேட்டின் கம்பங்கள் எட்டும் தானாக மேலே போய் நாற்பது நிமிஷம் இறங்கவில்லை. ரோட்டில் லாரி ஓட்டிப்போன டிரைவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கொட்டாவி விட்டு, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்கள்போல் ஆனார்கள். ஜெபமணியும் கண்ணை மூடித்தான் ஓடினாள். தண்ணீர் பாட்டிலோடு பைக்கில் பின்னால் வந்த மருமகன் கோபிகிருஷ்ணன், "அத்தை, லாரி! அத்தை, எருமை! அத்தை, கல்யாண ஊர்கோலம்!" என்று சந்திரகிரி வரைக்கும் கத்திக்கொண்டே வந்தான். எல்லாம் விலகிப் போயின. முப்பத்தாறு வருஷம் அந்தக் குரலைக் கேட்டவளுக்கு, அதைச் சுமப்பது எவ்வளவு மூச்சு பிடிக்கும் வேலை என்று அன்றுதான் தெரிந்தது. பட்டையின் அடியில் ஏதோ ஒன்று கனமாக அசைந்துகொண்டிருந்தது. பிரசவ வார்டில் பழகியவள். என்ன வரப்போகிறது என்று தெரியாவிட்டாலும், வரப்போகிறது என்பது தெரிந்தது.

இதற்குள் பாலையா, ஓடி முடித்தவர்களை ஏற்றிப்போகும் மாற்று வண்டியில் ஏறியிருந்தார். அது திருச்சானூர் ஆண்ட்ரூவின் ஷேர் ஆட்டோ. டைட்டஸும் கலைவாணியும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டதால், உள்ளே வாழைப்பழத் தாரோடு, சித்தூரிலேயே ஏறிய இயேசுதாசன் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷத்தில் சம்பந்திகள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். ஒருவருக்குக் குரல் இல்லை. இன்னொருவருக்கு அன்றைக்குத் தேவைக்குமேல் இருந்தது.

"சம்மந்தி, நான் பேசி நீங்க கேக்கறது எப்ப கிடைக்கும் சொல்லுங்க" என்றார் பாலையா. "உங்க ஜெபத்த பதினாலு கிலோமீட்டரு நான் தூக்கிக்கினு வந்தேன். இன்னா கனம்! உங்க நாக்கு எப்படித்தான் தாங்குதோ."

இயேசுதாசன் வெளியே பார்த்தார்.

"காக்கா கேக்கலாம்னு இருந்தேன். பூட்ஸு கெடுத்துடுச்சி. போவட்டும், தண்ணி குடிக்கிறீங்களா? எங்க வீட்டுத் தண்ணிதான்." பாட்டிலை நீட்டினார். நீட்டியபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.  இயேசுதாசன் இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. மூடியைத் திறக்கக்கூட இல்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

"இன்னும் மனசு வரல போலக்குது" என்று பாலையா ஆண்ட்ரூவிடம் சொன்னார். "நீ ஓட்டு நைனா."

சந்திரகிரிக் கோட்டை தெரிகிற திருப்பத்தில் ஹன்னா நின்றிருந்தாள். கோழிக் குழு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. ஜெபமணி பட்டையைக் கழற்றியதும் குரல் அவளுக்குத் திரும்பியது.

"ஹன்னா, விதவைங்க, பரீட்சை. அப்புறம் நம்ம வீடுதான்."

"நம்ம வீடுன்னு சொல்லாதம்மா. உங்க வீடு."

"சரிடி, எங்க வீடு. வாயில வந்தா தடுக்காத."

"மறுபடி எங்க மாமாவ அசிங்கப்படுத்தினா? அதுவும் என் வாயாலயே? ஒரு ஆமென் போட்டேன்னா தீர்ந்துது."

"போடேன். எல்லாரும் போட்டதுதான, நீயும் போடு. கடைசி வரைக்கும் கேட்டுட்டு போடு."

"ஏமண்டி! பட்டை மாத்தற இடத்துல குடும்பக் கதை கூடாது!" என்று முரளிதரன் ஜீப்பிலிருந்து விசில் ஊதினார். ஹன்னா ஓடினாள். கோபிகிருஷ்ணன் மாமியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைத் தொடரவிட்டான்.

ஹன்னா கண்ணை மூடவில்லை. சின்ன வயதிலேயே ஜெபத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்தவள். வாய் அதன் பாட்டுக்கு விதவைகளுக்காகக் கேட்டது. அன்று மதியம் சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ் ஏறிய விதவைகள் எல்லோருக்கும் ஜன்னலோர இடம் கிடைத்தது. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகக் கேட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குப்பிறகு எதுவும் மறப்பதில்லை. டீச்சர்கள் போன வருஷம் டூர் கூட்டிப்போவதாகச் சொன்னதைத் தேதியோடு சொல்லித் தொந்தரவு செய்கிறார்கள். பரீட்சை முடியும் இடத்தில் ஹன்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாகச் சபை ஆமென் போடும் இடம் அதுதான். ரோட்டில் சபை இல்லை. யாரும் போடவில்லை.

திருச்சானூர் எல்லைக்கு வந்தபோது முடிவுக்கோடு தெரிந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் கட்டிய கயிறு, மொட்டைத் தலையும் சந்தனமுமாக வேடிக்கை பார்க்கும் ஜனம், ஆட்டோ பக்கத்தில் பாலையா, அவருக்கு இரண்டடி தள்ளிப் பாட்டிலைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டையில் அவள் நைனா. ஹன்னாவின் தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது. "இறுதியாக" என்றது வாய். அவள் கையால் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கில் "எங்கள் வீட்டுக்காக" என்று வந்தது. ஓடிக்கொண்டே இதைக் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கயிற்றுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஓடுக்கா! மதனப்பள்ளிக்காரன் வந்துட்டான்!" என்று டைட்டஸ் அலறினான். மதனப்பள்ளிக்காரன் கடந்து போனான். அவன் பின்னால் திருப்பதிக்காரி ஒருத்தி போனாள். ஹன்னா கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆண்டவரே, பாலையா குடும்பத்தார் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க எங்கள் மனது இடங்கொடுக்கவில்லை." ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தைகள், இப்போது அவள் வாயிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி. பாலையா அன்றைக்குப்போலவே தலையைக் குனிந்துகொண்டார். கைகூடத் தானாகக் கட்டிக்கொண்டது. ஹன்னாவின் வாய் ஆமென்னுக்காக, ஆ என்ற அளவுக்குத் திறந்துவிட்டது. ஜெபமணி பைக்கிலிருந்து இறங்கினாள். இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். திறந்த வாய் வழியாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நைனா அன்றைக்கு இழுத்த மூச்சு அது. ஹன்னா அதை வெட்டவில்லை.

"அது பாவம் என்று அறிக்கையிடுகிறோம். அந்த மனதை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். இதோ, அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் என் கையருகில் இருக்கிறது. பந்தி உட்காரும் முன்னே, எல்லோரும் பார்க்க, முதல் ஆளாக அதை நான் வாங்கிக் குடிக்கிறேன். என் மகள் பார்க்கட்டும்."

வாய் நின்றது. அதற்குமேல் ஜெபம் இல்லை.

இயேசுதாசன் பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடி கைதவறிக் கீழே விழுந்து ஆட்டோவுக்கு அடியில் உருண்டது. அண்ணாந்து, ஒரு லிட்டரையும் நிறுத்தாமல் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. "மெல்ல, சம்மந்தி, மெல்ல. பொற ஏறிடப் போவுது" என்று பாலையா சொல்லி முடிப்பதற்குள் புரை ஏறிவிட்டது. பாலையா அவர் உச்சந்தலையில் நாலு தட்டுத் தட்டினார். தேவைக்கு இரண்டே போதும். மிச்சம் இரண்டு ஒன்பது வருஷத்துக்கு.

"இவ்ளோதானா?" என்றாள் ஹன்னா. இப்போது அது அவள் சொந்தக் குரல். பட்டை இன்னும் தோளில் இருந்தது. ஜெபம் இன்னும் திறந்திருக்கிறது, இவள் எதைச் சொன்னாலும் நடந்துவிடும் என்று கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "நைனா, இதுக்கா ஒன்பது வருஷம்? இத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் அறிக்க பண்ணா இன்னா?"

இயேசுதாசன் வாயைத் திறந்தார். ஆமென் ஆகாததால் குரல் வரவில்லை. வரிசை என்று சொல்ல வந்திருப்பார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஹன்னா அழுதாள் என்றும், சிரித்தாள் என்றும் சொல்கிறார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் தரமாகக் கண்ணை மூடி, இயேசுதாசனின் வரிசையில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்: "ஆண்டவரே, எங்க நைனா ஜெபம் இனிமே அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. ஆமென்."

"ஆமென்" என்றாள் ஜெபமணி, எல்லோரையும்விட உரக்க. டைட்டஸ் சொன்னான். ஆண்ட்ரூ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான். மொட்டைத் தலைக் கூட்டம், ஏதோ நல்லது முடிந்திருக்கிறது என்று ஊகித்து, "கோவிந்தா, கோவிந்தா" என்றது. முரளிதரன் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். ஒன்று பத்து. அப்புறம்தான் யாரோ ஞாபகப்படுத்த, ஹன்னா மிச்சம் பத்தடியை ஓடிக் கயிற்றைத் தொட்டாள். கோழிக் குழு நான்காவது.

அன்று சாயங்காலம் ஆண்ட்ரூவின் ஆட்டோ நேராக இயேசுதாசன் வீட்டு வாசலில் போய் நின்றது. எல்லோரும் அங்கேயே சாப்பிட்டார்கள். கலைவாணி மடியில் கட்டிக்கொண்டு வந்த தை மாத மாம்பழத்தை அறுத்தார்கள், நார் அதிகம்தான். பட்டை இப்போது அந்த வீட்டுக் கொடியில் கிடக்கிறது. ஆமென் ஆகிவிட்டதால் அதற்கு விசேஷம் ஒன்றுமில்லை. கைப்பிடித் துணியாக அடுப்படிக்கும் போய்வருகிறது.

இயேசுதாசனுக்குக் குரல் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அவர்தான் ஜெபிக்கிறார். ஐந்தாவது நிமிஷம் முடியும்போது குரல், வார்த்தை எந்த எழுத்தில் இருந்தாலும், குழாயை மூடியதுபோல் நின்றுவிடுகிறது. முரளிதரன் ஒருநாள் சபைக்கே வந்து ஸ்டாப்வாட்சில் சரிபார்த்துவிட்டுப் போனார். ஒரு நொடி வித்தியாசமில்லை. முதல் இரண்டு வாரம் அவர் கலெக்டரிலேயே நின்றுபோனார். மூன்றாம் வாரம் கணக்கு வாத்தியார் கணக்கை மாற்றிப் போட்டார். இப்போது பாலையா வீட்டில் தொடங்கி, ஹன்னாவுக்கு வந்து, ஜெபமணியின் சமையலைத் தொட்டு, பரீட்சைப் பிள்ளைகள், விதவைகள், பிரயாணிகள் என்று மேலே ஏறுகிறார். முதலமைச்சர் வரைக்கும் எப்படியோ எட்டிவிடுகிறது. குடியரசுத் தலைவர்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்.